அந்த ‘ஒருவன்’ யார்?

யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் முதலில் என் வேட்டியைத் தடவிப் பார்ப்பேன். வேட்டி ஒழுங்காக இருந்தால், இவனுக்கு நம்மிடம் என்ன வேண்டியிருக்கிறது என்று யோசிப்பேன். சும்மா சிரிக்கிறான் என்ற எண்ணம் எனக்கு லேசில் வராது. பதுளைக் கடைவீதியில் கருவாடும் மிளகாயும் புகையிலையும் விற்ற குடும்பத்தில் பிறந்தால் இப்படித்தான். என் அப்பா காசு வாங்கினால் சுண்டிப் பார்ப்பார்; சாக்கு வாங்கினால் முகர்ந்து பார்ப்பார். நான் காய்ச்சல் என்று படுத்தால் நெற்றியைத் தொட்டுவிட்டு, போர்வைக்குள் வெந்நீர்ப் போத்தல் ஏதாவது இருக்கிறதா என்று துழாவுவார். (ஒரு தடவை இருந்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.)

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த என்னிடம் ஒரு மனிதர் வந்து, “உன் தப்புகளை நீயே எழுதிக் கொண்டுவந்து கொடு” என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? நான் செய்ததில் ஒரு தோட்டமே கதிகலங்கிப் போய்விட்டது. இன்றைக்கும் நமுனுகுல பக்கம் போனால், பெயரைச் சொல்லி என்னை யாருக்கும் தெரியாது. ‘ஒருவன் வாத்தியார்’ என்றால்தான் தெரியும்.

அப்போது ரயில் இன்னும் பதுளைக்கு வரவில்லை. பண்டாரவளையில் இறங்கி வண்டி பிடிக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் பள்ளிக்கூடம் நடத்தியே ஆக வேண்டும் என்று கவர்மெண்டு சட்டம் போட்டிருந்தது. துரைமாருக்கு வாத்தியார்கள் தேவைப்பட்டார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து செலவு போட்டு, பதுளையில் ஒரு நெல் மண்டியின் மேல்மாடியில் உபாத்தியாயர் பயிற்சி வகுப்பு ஒன்றை ஆரம்பித்தார்கள். நான் போய்ச் சேர்ந்துகொண்டேன். கல்வித்தொண்டு செய்ய வேண்டும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. எனக்குக் கருவாட்டு வாடை ஆகாது. கடைக்குள் நுழைந்தால் தும்மல் ஆரம்பித்துவிடும். கருவாடு இல்லாத உத்தியோகம் எதுவாக இருந்தாலும் சரி என்ற நிலையில் இருந்தேன்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். “ஒரு தடவைதான் விடுவேன். சர்டிபிகேட்டோட வந்தா நீ வாத்தியாரு. இல்லாம வந்தா, இந்தக் கருவாட்டு மூட்டைக்கெல்லாம் நீதான் துரை.”

வகுப்பு நடத்த வந்தவர் செல்லையா உபாத்தியாயர், யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, வெயிலானாலும் மழையானாலும் விரிக்காமலே கையில் பிடித்திருக்கும் குடை. முதல் நாளே ஆளுக்கொரு நோட்டுக் கொப்பியைக் கொடுத்தார்.

“பாடம் முடிஞ்ச பிறகு ஒவ்வொருத்தரும் இதில எழுத வேணும். இண்டைக்கு என்ன படிச்சனீர், எங்க பிழை விட்டனீர், நாளைக்கு அதை எப்பிடி மாத்துவீர். மூண்டே மூண்டு கேள்வி.”

“பிழையே விடலைன்னா, சார்?” என்று கேட்டேன்.

“அதையும் எழுதும். வாசிச்சுப்போட்டு நான் வந்து உம்மைக் கும்பிட்டுட்டுப் போறன்.”

“இதுக்கு மார்க்கு உண்டுங்களா?”

“இல்லை.”

“எழுதினதுக்கு அடி?”

“அதுவும் இல்லை. உம்மட பிழை உமக்கு விளங்க வேணும். அதுக்குத்தான்.”

எனக்கு அந்த இடத்தில்தான் பொறி தட்டியது. மார்க்கு இல்லை, அடி இல்லை, ஆனால் தப்பு மட்டும் வேண்டுமாம்! இலவசமாகக் கிடைக்கிற எதையும் எங்கள் வீட்டில் வாயில் வைக்க மாட்டோம். அதிலும் அவர் எல்லோருடைய கொப்பியையும் வாசித்துவிட்டு ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். திட்டாமல் அடிக்காமல் ஒருவர் நம் தப்புகளைச் சேர்த்து வைத்துப் பூட்டுகிறார் என்றால், அதை யாரிடம் காட்டப் போகிறார்? துரைமாரிடமா? கவர்மெண்டிடமா? பின்னாளில் சம்பளம் கூட்டிக் கேட்கும்போது எடுத்து நீட்டுவார்களா? மற்றப் பிள்ளைகள் ஆட்டுமந்தை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்கள். நான் அன்றைக்குத் தலைவலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் தராசை நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்டார். (அவர் தராசை நிறுத்துவது இழவு வீட்டுச் சேதிக்கு மட்டும்தான்.)

“கையால எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் எந்த வாயாலடா இல்லைன்னு சொல்லுவ?”

“எழுதலைன்னா சர்டிபிகேட்டு தர மாட்டாங்கப்பா.”

அப்பா யோசித்தார். மூக்குப்பொடி போட்டுக்கொண்டு மறுபடி யோசித்தார். பிறகு எங்கள் குலத்தின் மொத்த அறிவையும் திரட்டி ஒரு வழி சொன்னார். “எழுது. ஆனா நான்னு எழுதாத. எவனோ ஒருத்தன் செஞ்சான்னு எழுது. நாளைக்கு எவனாவது கேட்டா, அது யாரோ எனக்குத் தெரியாதுன்னு கையக் கழுவிடலாம்.”

என் அப்பா கவர்னராக இருக்க வேண்டியவர் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் என் கொப்பியில் முதல் வரி ஏறியது. ‘இன்று ஒருவன் பின்னக் கணக்கில் கீழே இருக்க வேண்டியதை மேலே போட்டான். நாளைக்கு அவன் கவனமாக இருப்பது நல்லது.’ செல்லையா உபாத்தியாயர் வாசித்தார். மீசை அசையவில்லை. அடியில் சிவப்பு மையில் எழுதினார்: ‘பிழை சரி. ஆள் யார்?’ அதற்கும் கீழே நான் எழுதினேன்: ‘தெரியவில்லை. விசாரித்து வருகிறேன்.’

அந்தத் தவணை முழுக்க இப்படியே போயிற்று. ஒருவன் இலக்கணத்தில் தூங்கினான். ஒருவன் விளங்காததை விளங்கியது என்று தலையாட்டினான். ஒருவன் பக்கத்துப் பலகையைப் பார்த்து எழுதினான். ஒவ்வொரு வாரமும் சிவப்பு மையில் ‘ஆள் யார்?’ வரும், நான் விசாரணை நடந்துகொண்டிருப்பதாகப் பதில் எழுதுவேன். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படித் தினமும் எழுத எழுத அந்த ஒருவன் கணக்கில் தேறிவிட்டான். எங்கே தடுக்கி விழுகிறான் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டதால், அடுத்த நாள் அந்த இடத்தில் அவனைக் கையைப் பிடித்து நடத்திப் போக முடிந்தது. இருந்தாலும் என் சந்தேகம் போகவில்லை. நல்லது நடந்தால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடும்.

கடைசிக் கட்டம் தோட்டத்தில் போய்ப் பாடம் நடத்திப் பழகுவது. இரண்டு மாதம் முடிந்ததும் இன்ஸ்பெக்டரும் செல்லையா உபாத்தியாயரும் வந்து, துரையையும் வைத்துக்கொண்டு பாடத்தைப் பார்ப்பார்கள், கொப்பியையும் பார்ப்பார்கள். அதில் தேறினால் சர்டிபிகேட்டு, அந்தத் தோட்டத்திலேயே வேலை. தேறாவிட்டால் கருவாடு.

எனக்குக் கிடைத்தது நமுனுகுல மலையடியில் ஒரு தோட்டம். (பெயர் வேண்டாம். அங்கே இப்போது எனக்கு உறவு முறைகள் இருக்கின்றன.) பள்ளிக்கூடம் என்பது ஒரு பழைய மாட்டுக் கொட்டகை. அதற்கு நேர் எதிரே கொழுந்து மடுவம், அதாவது பெண்கள் பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கும் கொட்டகை. அங்கே தராசுப் பக்கத்தில் நின்று ஒவ்வொருத்தியின் பெயருக்கும் நேரே ராத்தல் எடையை எழுதுபவர் சுப்பையா கணக்கப்பிள்ளை. என்னைத் தவிர அந்தத் தோட்டத்தில் தமிழ் தடங்கல் இல்லாமல் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கும் மேலே பெரிய கங்காணி: தலைப்பாகை, கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. அங்கே வரிசை வீடுகளான லயங்களில் இருந்தவர்களில் பாதிப்பேரைத் திருச்சிப் பக்கத்திலிருந்து கூட்டி வந்தவர் அவர்தான். அவர் இருமினால் லயத்தில் குழந்தை அழுகையை நிறுத்தும்.

பிள்ளைகள் போன பிறகு, கொட்டகை வாசலில் கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்து கொப்பி எழுதுவேன். உள்ளே வெளிச்சம் போதாது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. எனக்கு அப்போது புரியவில்லை. தப்பை நினைவுபடுத்தி எழுதுகிறவன் கொஞ்ச நேரம் எங்கேயாவது வெறித்துப் பார்ப்பான். பிறகு குனிந்து எழுதுவான். மறுபடி நிமிர்ந்து வெறிப்பான். நான் வெறித்த திசையில் இருந்தது தராசு.

எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் அது எப்படி இருந்திருக்கும்? ஒரு புது ஆள். துரை சொல்லி வந்தவன். கொழுந்து நிறுக்கும் நேரமாகப் பார்த்துத் தினமும் எதிரே வந்து உட்காருகிறான். தராசைப் பார்க்கிறான், எழுதுகிறான். கணக்கப்பிள்ளையைப் பார்க்கிறான், எழுதுகிறான். சில சமயம் தலையில் வேறு அடித்துக்கொள்கிறான்.

ஒரு நாள் எழுதிக்கொண்டிருந்தபோது திடீர் மழை. கொப்பியைக் கல்லிலேயே விட்டுவிட்டு, காயப்போட்டிருந்த என் ஒரே மாற்று வேட்டியைக் காப்பாற்ற ஓடினேன். திரும்பி வந்தால் கணக்கப்பிள்ளை என் கொப்பியைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மடுவத்தில் நிற்கிறார்.

“நனைஞ்சிறக் கூடாதுன்னு எடுத்து வச்சேங்க” என்றார். குரல் நடுங்கியது. குளிராக்கும் என்று நினைத்தேன்.

அதற்குள் அவர் வாசித்துவிட்டிருந்தார். அவர் வாசித்த வரிகள் இவை. இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

‘ஒருவன் பெரட்டுத் தப்பு அடித்த பிறகும் படுத்துக் கிடந்தான். பிந்தி வந்து பல்வலி என்று பொய் சொன்னான்.’ அது நான். விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடிக்கும் அந்தப் பறைச் சத்தத்தில் தோட்டமே எழுந்துவிடும். நான் எழுந்திருக்க மாட்டேன்.

‘ஒருவன் தலை எண்ணும்போது வராதவர்களையும் வந்ததாகப் போட்டான்.’ அதுவும் நான். வருகை போடும் இடாப்பில் பிள்ளைகள் குறைவாக இருந்தால் அசிங்கம் என்று இரண்டு பெயரைச் சேர்த்துவிட்டேன்.

‘ஒருவன் கோபத்தில் பிரம்பை எடுத்தான். எடுத்திருக்கக் கூடாது.’ நானேதான்.

கடைசியாக வந்தது இது: ‘ஒருவன் நிறுவையில் ராத்தலுக்கு நாலு அவுன்ஸ் குறைத்துவிட்டான். கேட்டபோது மழுப்பினான்.’ அன்றைக்கு நிறுவைப் பாடத்தில் ராத்தலுக்குப் பன்னிரண்டு அவுன்ஸ் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். பதினாறு என்று புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. (எங்கள் கடையில் ராத்தலுக்குப் பன்னிரண்டுதான். நான் அதைப் பார்த்து வளர்ந்தவன்.)

கணக்கப்பிள்ளை எப்படி வாசித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கூடைப் பாரம், ஈரப் பாரம் என்று சொல்லிச் சொல்லி ராத்தலைக் கழிப்பவர் அவர். வராத ஆளுக்கு வந்ததாகப் பெயர் போடுபவரும் அவரே. அன்று சாயங்காலமே பெரிய கங்காணி வீட்டுக்குப் போய், கண்ணில் பட்டதை ஒரு வரி விடாமல் ஒப்பித்திருக்கிறார். பெரிய கங்காணிக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் காது நன்றாகக் கேட்கும்.

“பெரட்டுக்குப் பிந்தினது நான்தான்யா. பல்லு வலின்னு சொன்னதும் நான்தான். துரைக்கு எப்புடிய்யா போச்சு?” என்றாராம் கங்காணி. பல்வலி என்ற பொய்யை நாங்கள் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருந்தோம் என்பது எனக்கே பின்னால்தான் தெரிந்தது.

“பேரு போடலீங்க. ஒருவன், ஒருவன்னுதான் எழுதியிருக்கான்.”

“பேரத் தனியா வாயால சொல்லுவான்யா. வெவரமான பய.”

இவையெல்லாம் நடந்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மறுநாள் காலையில் கணக்கப்பிள்ளை ஒரு பெட்டைக் கோழியோடு வந்து நின்றதுதான்.

“வாத்தியாரய்யா, நம்ம வீட்டுக் கோழிங்க. சும்மா.”

“சும்மாவா?”

“சும்மாதாங்க.”

“எதுக்குச் சும்மா?”

“சும்மாவுக்கு எதுக்குன்னு என்னங்க இருக்கு?” என்று சொல்லிவிட்டுக் கோழியை என் கையில் திணித்துவிட்டு ஓட்டமாகப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் பெரிய கங்காணி வீட்டிலிருந்து ஒரு வாழைத்தார் வந்தது. சிரிப்புக்கே காரணம் தேடுகிறவன், கோழிக்குத் தேட மாட்டேனா? இரண்டு முடிவுக்கு வந்தேன். ஒன்று, விஷம். இல்லை என்றால், கல்யாணம். கணக்கப்பிள்ளைக்கு மீனாட்சி என்று ஒரு மகள் இருந்தாள். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பார்த்திருக்கிறேன். நல்ல துணியில் பட்ட தேயிலைக் கறையைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கும் கோழிக்கும் முடிச்சுப் போட்டேன். கோழியை அறுக்காமல் பள்ளிக்கூடத் தூணில் கட்டிப்போட்டேன். வாழைப்பழத்தைக் கோழிக்குப் போட்டுப் பார்த்தேன். சாகவில்லை. ஆகவே கல்யாணம்தான் என்று உறுதி செய்துகொண்டு, அன்றைய கொப்பியில் எழுதினேன்: ‘ஒருவனிடம் இன்று ஒரு கோழி வந்து சேர்ந்தது. இது எதற்காக வந்தது என்று தீர விசாரிக்க வேண்டும்.’

கணக்கப்பிள்ளை இப்போது தினமும், நான் பீலிக்குக் கால் கழுவப் போகிற நேரம் பார்த்து, கொட்டகைக்குள் நுழைந்து கொப்பியை வாசித்துக்கொண்டிருந்தார். கோழி வரியைப் படித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் அதிசயங்கள் நடந்தன. தராசு நேராக நின்றது. பெண்கள் பறித்த கொழுந்துக்குப் பறித்த ராத்தல் விழுந்தது. பெரிய கங்காணி தப்பு அடிக்கும் முன்பே பெரட்டுக் களத்தில் வந்து நின்றார்; பிரம்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். எல்லோரும் என்னைக் கண்டால் குனிந்து வணங்கினார்கள். எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. இத்தனை பேரும் சேர்ந்து கல்யாணத்துக்கு மடக்குகிறார்களே என்று கதவுக்குக் கல்லை முட்டுக்கொடுத்துத் தூங்கினேன்.

சோதனை நாள் நெருங்கியது. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் கூடிப் பேசினார்கள். இவனுக்கு லயத்துச் சங்கதி எல்லாம் எப்படித் தெரிகிறது? அதற்கும் விடை கிடைத்தது. ‘நாள் முழுக்கப் பிள்ளைங்ககிட்ட கேள்வி கேக்குறானே, வேற என்ன வேணும்?’ இப்போது துரையே நேரில் வந்து எல்லோர் முன்னாலும் பிள்ளைகளிடம் கேட்கப் போகிறார் என்றால், அது பள்ளிக்கூடமா, கோர்ட்டா? ஆகவே லயம் லயமாக உத்தரவு போயிற்று. யார் என்ன கேட்டாலும் பிள்ளைகள் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும்.

அந்த நாளும் வந்தது. பிள்ளைகள் ஒருவர் பாக்கி இல்லாமல், எண்ணெய் தடவித் தலை வாரி, துவைத்த துணியோடு வந்திருந்தார்கள். எனக்கே கண் பனித்தது. துரை பைப்பைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார், பக்கத்தில் இன்ஸ்பெக்டர், கோடியில் குடையோடு செல்லையா உபாத்தியாயர். வாசலில் கங்காணி, கணக்கப்பிள்ளை, அவர்களுக்குப் பின்னால் பெற்றோர் கூட்டம். தூணில் கோழி.

என் வகுப்பிலேயே கெட்டிக்காரி கருப்பாயி. அவளை எழுப்பினேன். “நாலும் மூணும் எத்தனைம்மா?”

அவள் வாசலைப் பார்த்தாள். “தெரியாதுங்க.”

பயம் என்று நினைத்து, “ரெண்டும் ரெண்டும்?” என்றேன்.

“தெரியாதுங்க.”

அடுத்த பையன். தெரியாதுங்க. அதற்கடுத்தவன், நான் கேள்வியைக் கேட்கும் முன்பே தெரியாதுங்க என்றான். ஒரு வாண்டிடம், “ராத்தலுக்கு எத்தனை அவுன்ஸ்?” என்று கேட்டேன். அவன், “பதினா…” என்று ஆரம்பித்து, கங்காணியைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் கருப்பாயியைத் தன் பக்கத்தில் கூப்பிட்டு அன்பாகக் கேட்டார். “உன் பேர் என்ன அம்மா?”

“தெரியாதுங்க.”

“உன் அப்பா யார்?”

“தெரியாதுங்க.”

வாசலில் நின்ற அவள் அப்பன் நெளிந்தான். அவள் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

துரை பைப்பை எடுத்தார். அவருக்குத் தோட்டத்துத் தமிழ் வரும். “என்னா வாத்தியார்? ரெண்டு மாசம் இங்கே என்னா செஞ்சே?”

என் மூக்கில் கருவாட்டு வாடை அடித்தது. அப்போது செல்லையா உபாத்தியாயர், “இவர் என்ன செய்தவர் எண்டு கொப்பியில இருக்கும். கொண்டு வாரும்” என்றார். நான் கொண்டுபோய்க் கொடுத்ததும், இன்ஸ்பெக்டர் அவரையே உரக்க வாசிக்கச் சொன்னார்.

“ஒருவன் பெரட்டுத் தப்பு அடித்த பிறகும் படுத்துக் கிடந்தான்…”

வாசலில் பெரிய கங்காணியின் தலைப்பாகை ஆடியது.

“ஒருவன் தலை எண்ணும்போது வராதவர்களையும் வந்ததாகப் போட்டான்… ஒருவன் நிறுவையில் ராத்தலுக்கு நாலு அவுன்ஸ் குறைத்துவிட்டான்…”

கணக்கப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, துரையின் காலடியில் விழுந்தார். “தொர, புள்ளகுட்டிக்காரனுங்க! தெருவுல நிக்க வச்சிராதீங்க! வேற எதுன்னாலும் சொல்லுங்க!”

கோழி, வாழைத்தார், வணக்கம், தெரியாதுங்க எல்லாம் ஒரே நொடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இவ்வளவு நாளும் நான் இவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இவர்கள் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைவிட நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

துரையின் முகம் மாறிவிட்டது. என்னை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார். “நல்ல வேலை, வாத்தியார்! இந்த மாதிரி ஆள்தான் தோட்டத்துக்கு வேணும். யார் அந்த ஒருவன்? பேர் சொல்லு. இன்னைக்கே பத்துச்சீட்டு கிழிச்சு வெளியே தள்ளுறேன்.”

நான் பேசாமல் நின்றாலே போதும். வேலை கிடைத்துவிடும். காலடியில் கிடக்கிறவர் தானாகவே மாட்டிக்கொள்வார். அவர் ஒன்றும் பால் குடிக்காத பூனை இல்லை. அப்பா அங்கே இருந்திருந்தால், ‘வாயத் தொறக்காதடா’ என்று கண்ணைக் காட்டியிருப்பார். கூட்டத்தில் மீனாட்சி தெரிந்தாள். என்னை அவள் பார்க்கவில்லை. தரையில் கிடந்த தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லையா உபாத்தியாயர் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். “தம்பி, இவ்வளவு நாளா விசாரிச்சீர். ஆள் யார் எண்டு தெரிஞ்சுதோ?”

எனக்குப் பெரிய தர்ம சிந்தனை பிறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெட்கமாக இருந்தது. என் பல்வலிக்கும் என் நாலு அவுன்ஸுக்கும் இன்னொரு மனிதர் குப்புற விழுந்து கிடப்பதைப் பார்க்க முடியவில்லை.

“நான்தாங்க” என்றேன்.

“சத்தமாச் சொல்லும்.”

“நான்தாங்க! அதுல இருக்கிற ஒருவன் பூராவும் நான்தான்.”

பிறகு ஒவ்வொரு வரியாக விளக்க வேண்டியதாயிற்று. படுத்துக் கிடந்தது நான். பல்வலி இல்லவே இல்லை. வராத பிள்ளைகளை இடாப்பில் போட்டது நான். பன்னிரண்டு அவுன்ஸ் வந்தபோது இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

“உன் அப்பா என்ன தொழில்?”

“கடைங்க.”

கூரை அதிரச் சிரித்தார். துரைக்கு யாரோ விளக்கிச் சொன்னார்கள், அவரும் சிரித்தார். வாசலில் நின்றவர்கள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில், கணக்கப்பிள்ளை ஏன் காலில் விழுந்தார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நான் தூணிலிருந்து கோழியை அவிழ்த்துக் கணக்கப்பிள்ளையின் கையில் கொடுத்தேன். அது அதற்குள் நாலைந்து முட்டை இட்டிருந்தது, அவற்றையும் கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் சிரித்து முடித்துவிட்டு என்னைப் பெயிலாக்கினார். தன் பெயர் தெரியாத வகுப்பை நடத்தியவனுக்கு வேறு என்ன கிடைக்கும்? போகிறபோது செல்லையா உபாத்தியாயர் மட்டும் குடையால் என் தோளைத் தட்டினார். “உம்மட பிழையெல்லாத்தையும் சரியாக் கண்டுபிடிச்சிருக்கிறீர். ஆளைத்தான் ஒளிச்சுப்போட்டீர். அடுத்த வகுப்புக்கு வாரும்.”

அடுத்த வகுப்பு ஆரம்பிக்கும்வரை கருவாட்டு மூட்டைகளுக்கு நான்தான் துரை. அப்பா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது, “நான் சொன்னதுல என்னடா தப்பு? கடைசி வரைக்கும் இல்லைன்னு நின்னிருக்கணும்” என்றார். மறுபடி ஒரு தடவை போக விட்டது அம்மாவின் புண்ணியம். கடையில் என் தும்மலில் மிளகாய்த் தூள் பறந்து வியாபாரம் கெட்டது இன்னொரு காரணம். புதுக் கொப்பியில் முதல் நாள், ‘இன்று நான் கவனிக்காமல் இருந்தேன்’ என்று எழுதினேன். கை கூசியது. சிவப்பு மையில் பதில் வந்தது: ‘ஆள் பிடிபட்டார். மிக்க சந்தோஷம்.’

அந்தத் தடவை தேறினேன். அதே தோட்டத்திலேயே வேலையும் கிடைத்தது. நான் போன பிறகு தராசு மறுபடி பழைய பக்கம் சாய்ந்துவிட்டதாம். கொழுந்து பறிக்கும் பெண்கள் துரையின் குதிரையை மறித்து, “அந்த வாத்தியாரு எதிர்ல குந்தியிருந்தப்பத்தான் தராசு நேரா நின்னுச்சு. அவரையே கூட்டியாந்து உக்கார வைங்க” என்று கேட்டிருக்கிறார்கள். நான் திரும்பி வந்து அதே கல்லில் உட்கார்ந்து கொப்பி எழுதினேன். தராசு நேராக நின்றது.

மீனாட்சியைத்தான் கட்டிக்கொண்டேன். (கோழிக்குப் பின்னால் கல்யாணம் இருக்கிறது என்ற என் சந்தேகம் பொய்த்துப் போகவில்லை, கொஞ்சம் முந்திவிட்டது, அவ்வளவுதான்.) “நான் குஞ்சிலேருந்து வளத்த கோழி. எங்கப்பாவ மெரட்டிப் புடுங்கிட்டு, ஆகாத வாழப்பழத்தப் போட்டு எளைக்க வச்சீங்களே” என்று இன்றைக்கும் கேட்பாள். எங்கள் வீட்டில் பானை உடைந்தாலும், சட்டியில் வெல்லம் குறைந்தாலும், யார் செய்தது என்று கேட்டால் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் ‘ஒருவன்’ என்பார்கள். குழம்பில் உப்பு கூடிய நாளில் மீனாட்சியும் அந்த ஒருவன் தலையில்தான் போடுவாள்.

போன தீபாவளிக்கு மாமனார் வந்திருந்தார். வயதாகிவிட்டது; வேலையிலிருந்தும் நின்றுவிட்டார். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

“மாப்ள, இனியாச்சும் உண்மையச் சொல்லுங்க. அந்த நாலு அவுன்ஸு… அது நான்தானே?”

“சத்தியமா நான்தான் மாமா. பாடத்துல தப்பாச் சொல்லிக் குடுத்தேன்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “இதத்தான் மாப்ள தோட்டமே சொல்லுது. அம்புட்டுப் பேரு பாவத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டு, ஒருத்தனையும் காட்டிக் குடுக்காம பெயிலாப் போன மனுசன்னு. அதுக்குத்தான் பொண்ணையே குடுத்தேன்.”

என் வாழ்நாளில் பலர் முன்னால், ஒன்றையும் மறைக்காமல், சத்தம் போட்டுச் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அந்தத் தோட்டத்தில் இன்றுவரை ஒருவன்கூட அதை நம்பவில்லை.